செம்பூர் சொசைட்டியில் கிடக்கும் 31 சைக்கிள்: பங்காருக்கு (பழைய இரும்புக்கு) போடுவதா, தானம் கொடுப்பதா?

செம்பூர்_மீனா

மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டிக் கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அடுத்த மாதத்துக்குள் பார்க்கிங்கில் கிடப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று பில்டர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். உடைந்த சோபா, பழைய வாட்டர் ஹீட்டர் எல்லாம் போக, சைக்கிள் மட்டும் 31. கமிட்டிக்காரர்கள் கணக்கெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டதால் எண்ணிக்கை துல்லியமாகத் தெரியும். கியர் வைத்தது 14, கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் 5, சின்னப் பிள்ளைகள் ஓட்டுவது 9, அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிள் 3. முக்கால்வாசிக்குக் காற்றே இல்லை. துருவும் இருக்கிறது.

பங்கார்காரரைக் கூப்பிட்டு கிலோ கணக்கில் போட்டுவிடலாம் என்கிறார் செக்ரட்டரி. எனக்கு மனசு வரவில்லை. நாத்தனார் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே இப்படிக் கிடக்கிற சைக்கிள்களைச் சேர்த்து கண்டெய்னரில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்களாம். ஹேண்டிலைத் திருப்பி, பெடலைக் கழற்றி அடுக்கினால் ஒரு பெரிய கண்டெய்னரில் நானூறு, ஐந்நூறு பிடிக்குமாம். நம்மிடம் அவ்வளவு இல்லை, கப்பலும் தேவையில்லை. கொடுப்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் இல்லையா? இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று, பால்கர் மாவட்டத்து மலைப்பகுதியில் ஜவ்ஹார், மொகாடா பக்கத்து ஆதிவாசிப் பிள்ளைகள். இன்னொன்று, விடிகாலையில் தாராவியில் இருந்து பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற நம் இட்லிக்கார அண்ணன்கள்.

கூடவே பழைய லேப்டாப் ஏழெட்டும், செல்போன் ஒரு பையும் சேர்ந்திருக்கின்றன. எதை யாருக்குக் கொடுத்தால் உண்மையிலேயே உபயோகப்படும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவாய்_பாலாஜி

அருமையான விஷயம் மேடம். சைக்கிளை சைக்கிளாகவே கொடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? குவாத்தமாலாவில் சான் ஆந்த்ரேஸ் இட்சாபா என்ற ஊரில் மாயா பெடல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. தானமாக வரும் பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி, மிதித்தால் ஓடுகிற மிக்ஸி, மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷின், தண்ணீர் பம்ப் எல்லாம் செய்கிறார்கள். நம் கேரளாவில் ரெம்யா ஜோஸ் பள்ளி மாணவியாக இருந்தபோதே பெடல் மிதித்து ஓடும் வாஷிங் மெஷின் செய்தவர். இட்லிக்காரர்களுக்கு அதே மாதிரி மிதித்து ஓட்டும் கிரைண்டர் செய்து கொடுத்தால் கரண்ட் பில்லே வராது. டைனமோ வைத்தால் செல்போனும் சார்ஜ் ஆகும். 2010இல் நோக்கியாவே கென்யாவில் சைக்கிள் சார்ஜர் அறிமுகம் செய்தது.

லேப்டாப்பை ஆதிவாசிப் பள்ளிக்குக் கொடுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள்.

தொண்ணூறடி_சைக்கிள்காரன்

மீனா அக்கா, பங்கார்காரரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஆனால் விரட்டிவிடாதீர்கள், அவரும் வேண்டியிருக்கும்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ளே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகைக்கு எடுக்க ஆள் குறைந்ததும் அது ரிப்பேர் கடை ஆனது. இப்போது நான் ஸ்பேர் பார்ட்ஸும் சேர்த்து விற்கிறேன். இட்லி அண்ணாச்சிகள் பலரும் ரிம் கோட்டம் எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். அதனால் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இது அடுத்த தடவை நின்றுபோகும்போது யார் கைக்குப் போகும் என்பதுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி மொகாடா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புத்தம் புதுக் கியர் சைக்கிளாகக் கொடுத்தது. பேனர், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ஒரு மழைக்காலம் போனது. அந்தப் பள்ளி வாத்தியார் யாரோ சொல்லி என் கடைக்குப் போன் போட்டார். 'பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று தொங்குமே, அது கிடைக்குமா' என்று கேட்டார். கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற டீரெய்லரைச் சொல்கிறார். பாதையில் கிடக்கிற கல் தட்டி அது வளைந்து ஸ்போக்ஸுக்குள் போய்விட்டது. அதோடு சக்கரமும் போச்சு. பக்கத்து ஊர்க் கடையில் 28 இஞ்ச் டயர்தான் உண்டு. இந்த சைக்கிளுக்கு 26 வேண்டும். டிஸ்க் பிரேக்குக்குக் கட்டையும் கிடையாது. கியருக்கு வேண்டிய ஒல்லிச் செயினும் கிடையாது. ஒரு சைக்கிளில் கழற்றி இன்னொன்றில் போட்டு, கடைசியில் பாதி சைக்கிள் ஓடுகிறது, பாதி ஸ்டோர் ரூமில் படுத்திருக்கிறது. கெட்ட சைக்கிள் இல்லை அக்கா. அந்த ஊருக்கு வழி தெரியாத சைக்கிள், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2004 சுனாமிக்கு அடுத்த வருஷம் அமெரிக்காவில் எஃப். கே. டே என்பவரும் அவர் மனைவியும் ஆரம்பித்தார்கள். முதல் வேலையே இலங்கையில்தான். 24,000 சைக்கிளுக்கு மேல் கொடுத்தார்கள். அந்த டே யார் தெரியுமா? ஸ்ராம் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். ஸ்ராம் என்ன செய்து விற்கிறது? கியர்! உலகத்துக்கே கியர் விற்கிற ஆள், அப்புறம் ஜாம்பியா போன்ற நாடுகளுக்காக உருவாக்கிய பஃபலோ என்ற சைக்கிளில் கியரே வைக்கவில்லை. கனமான இரும்பு ஃபிரேம், 100 கிலோ தாங்கும் கேரியர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். அறுந்துபோகக் கம்பியே கிடையாது. பிற்பாடு ஏற்றத்துக்கு இரண்டு கியர் வேண்டும் என்று வந்தபோதுகூட டீரெய்லர் தொங்கவிடாமல் இரண்டு செயின் போட்டார்கள். இதையெல்லாம்விட முக்கியம், கொடுக்கிற ஊர்களிலேயே மெக்கானிக்குகளைப் பழக்கி, கையில் சாமான் பெட்டி கொடுத்து, ஸ்பேர் விற்பனைக்கும் வழி செய்தார்கள். ஜாம்பியாவில் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த சைக்கிள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பள்ளிக்கு வராத நாட்கள் கால்பங்குக்கு மேல் குறைந்ததாம்.

பழைய சைக்கிளைக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கானாவில் வில்லேஜ் பைசைக்கிள் புராஜெக்ட் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருந்து வரும் பழைய சைக்கிள்தான். ஆனால் ஒரு நாள் ரிப்பேர் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். கொஞ்சமாவது காசு போட்டு வாங்கினவன் மழையில் நனையவிட மாட்டான். என் கடை அனுபவமும் அதுதான்.

இப்போது உங்கள் 31க்கு வருகிறேன்.

கறுப்பு சைக்கிள் மூன்றும்தான் தங்கம். அதை இட்லிக்காரர்களுக்கு வையுங்கள். டயர், டியூப், பால்ஸ் (பேரிங் குண்டு), பிரேக் கட்டை மாற்றி, முழுக்கக் கழற்றிப் பூட்டி ஒரு ஓவராயில் செய்தால் இன்னும் பதினைந்து வருஷம் ஓடும். அட்லஸ் கம்பெனி சாஹிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினம் பார்த்து மூடினார்கள். இன்றைக்கும் அட்லஸ் வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு ஸ்பேர் கிடைக்காமல் போனதில்லை. அந்த 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள் எந்தக் கம்பெனி செய்தாலும் சாமான் பெரும்பாலும் ஒன்றேதான்.

லேடீஸ் சைக்கிள் ஐந்தும் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு அப்படியே போகலாம். சின்னப் பிள்ளைகள் சைக்கிளைப் பக்கத்து பால்வாடிகளில் கேளுங்கள். உதவாததைப் பங்கார்காரர் எடுத்துக்கொள்ளட்டும்.

தலைவலி கியர் வைத்த 14தான். பின்னால் ஷாக் அப்சார்பர் வைத்தது எத்தனை என்று பாருங்கள். அதில் கேரியர் உட்காராது. இட்லி அண்ணாச்சி பின்னால் கட்டுவது இட்லிப் பாத்திரம், சாம்பார் டிரம், சட்னி வாளி, தண்ணீர் கேன் என்று கிட்டத்தட்ட ஒரு ஆள் கனம். ஸ்டாண்டு போட்டு நிறுத்தி இரண்டு கையாலும் பரிமாற வேண்டும். கியர் சைக்கிளின் ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்தினால் சாம்பார் செம்பூர் ரோட்டில்தான் ஓடும். நீங்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், நன்றியும் சொல்வார்கள், அடுத்த வாரம் விற்றுவிடுவார்கள். விற்பது தப்பில்லை, ஆனால் அவசரத்தில் பாதி விலைக்குப் போகும். அதை நீங்களே நிதானமாக நல்ல விலைக்கு விற்கலாமே? பவாய் ஐஐடி ஹாஸ்டல் பையன்கள் எப்போதும் செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிள் தேடுகிறார்கள். அந்தப் பணத்தில் மற்றதற்கெல்லாம் டயர் டியூப் வாங்குங்கள், மிஞ்சினால் புதுக் கறுப்பு சைக்கிள் ஒன்றிரண்டு வாங்குங்கள்.

வாஷி_கலைச்செல்வி

சைக்கிள்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் புதுக்கோட்டைக்காரி. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். எங்கள் அம்மாவும் ஒருத்தி. அப்போது சைக்கிள் யாரும் தானம் கொடுக்கவில்லை. முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றபின் கடன் வாங்கியாவது அவர்களே சைக்கிள் தேடிப் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தவர்கள் நிறையப் பேர். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அம்மா கடைசிவரை அதையேதான் வைத்திருந்தாள். குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவாள். சோளம் அரைக்க, வங்கிக்கு, எனக்கு ஜுரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பாவைக் கேட்டுக்கொண்டு நிற்கிற வேலையே இல்லாமல் போனது.

எனவே மீனா, அந்தப் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதென்றால் அண்ணன் தம்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

தானே_மலையேறி

சைக்கிள்காரர் கியரை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாம். ஜவ்ஹார் பக்கம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறவன். அங்கே சமதரை என்று ஒன்று கிடையாது. ஒரே கியர் சைக்கிளைக் கொடுத்தால் பிள்ளைகள் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். பஃபலோ சைக்கிள் ஜாம்பியாவின் சமவெளிக்குச் சரி, சஹ்யாத்ரி மலைக்கு இல்லை.

செம்பூர்_மீனா

எல்லாருக்கும் நன்றி. சைக்கிள்காரரே, ஏற்றம் பற்றி மலையேறி சொல்வதற்கு என்ன பதில்? பாலாஜி சொன்ன கிரைண்டர் நடக்குமா? எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் கமிட்டியில் ஒருவர், 'கொடுத்த பிறகு யாராவது வந்து என் சைக்கிள் எங்கே என்று கேட்டால் நீங்கள்தான் பொறுப்பு' என்று பயமுறுத்துகிறார்.

தொண்ணூறடி_சைக்கிள்காரன்

மலையேறி சொல்வது நியாயம்தான். ஏற்றத்துக்கு, கறுப்பு சைக்கிளில் பின்னால் இருக்கிற 18 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) உதவாது. ஆனால் அதற்கு டீரெய்லர் வேண்டியதில்லை. விலை போகாத கியர் சைக்கிளில் முன்னால் நடுப் பல்சக்கரத்தை மட்டும் விட்டு, பின்னால் 22 பல் ஒற்றை ஃப்ரீவீல் போட்டுவிடுங்கள். இங்கே விற்கிற மலிவுக் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் மரை போட்டுத் திருகுவதுதான், அதே இடத்தில் ஒற்றை ஃப்ரீவீல் ஏறிவிடும். மிதிப்பது லேசாகும், சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும், பள்ளிக்கூடம் போக அது போதும். செயின் தொய்ந்தால் பின் சக்கரத்தை இழுத்து இறுக்க வேண்டும். சில ஃபிரேமில் அச்சு உட்காரும் பள்ளம் நேர்கீழாக இருக்கும், இழுக்க முடியாது. அதில் மட்டும் பழைய டீரெய்லரையே திருகு வைத்து ஒரே பல்லில் பூட்டிவிட்டால் செயினைப் பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரியானதைத் தூர ஊருக்கு அனுப்பாமல் மும்பையிலேயே வையுங்கள்.

கிரைண்டர் விஷயம். பாலாஜி தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஆள் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் கிடைப்பது ஒரு 75 வாட். வீட்டில் டேபிள்மேல் வைக்கிற 2 லிட்டர் கிரைண்டருக்கே 150 வாட் மோட்டார். அண்ணாச்சிகள் வைத்திருக்கும் பெரிய டில்டிங் கிரைண்டர் 1 குதிரைசக்தி என்றால் 746 வாட். பத்துப் பேர் சேர்ந்து மிதிக்க வேண்டும். அதற்கு அவர்கள் வீட்டில் இடம் எங்கே? அந்த வீட்டில் பத்துப் பேர் படுக்கவே இடமில்லை. தவிர ராத்திரி மாவுக்கு மிதித்துவிட்டு, விடிகாலையில் அதே காலால் பாலம் ஏற வேண்டும். குவாத்தமாலாவில் அது ஓடுகிறது என்றால், மக்காச்சோளம் உதிர்க்கவும் மிக்ஸி சுற்றவும் அவ்வளவு பலம் தேவையில்லை. உளுந்து அப்படியா? உங்கள் வீட்டில் ஆட்டுக்கல் இருந்தால் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

டைனமோவும் அப்படித்தான். நம் பாட்டில் டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் லைட் எரிய நல்லது. செல்போனுக்கு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தால் அண்ணாச்சிகள் சந்தோஷப்படுவார்கள். இப்போது இட்லிக்குக் காசு பாதி க்யூஆர் கோடில்தான் வருகிறது, பத்து மணிக்கெல்லாம் போன் செத்துவிடுகிறது.

டெக்னாலஜி என்று செலவு செய்ய ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்தின் நடுவில் பொருத்துகிற ஹப் மோட்டாரும் பேட்டரியும் மாட்டுகிறார்கள். 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் ரிஜிஸ்டிரேஷனும் லைசென்ஸும் வேண்டாம். முழங்கால் போன அண்ணாச்சிகள் எனக்குத் தெரிந்தே பல பேர். அறுபது வயதில் ஒரு ஆள் கனத்தை மிதித்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறார்கள். 14 கியர் சைக்கிளை விற்ற காசில் இப்படி ஒரே ஒரு சைக்கிள் செய்து ஒருவருக்குக் கொடுத்தாலும் எனக்கு அது பெரிய தானம். ஆனால் பேட்டரியை ராத்திரி சார்ஜ் போட அவர் வீட்டில் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். படிக்கட்டுக்கு அடியில் சார்ஜ் போடுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

லேப்டாப்புக்கு நான் ஆள் இல்லை. ஆனால் பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 2012இல் வந்த ஆய்வு, கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்றது. சொல்லித்தர ஆளில்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் அதுவும் மொகாடா கியர் சைக்கிள் கதைதான். தாராவியில் டியூஷன் எடுக்கிற அக்காமார் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்தால் ஒரு மெஷினில் பத்துப் பிள்ளைகள் பழகும்.

பள்ளிப் பிள்ளைகள் பற்றி இன்னொன்று. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் பணமாகக் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கணக்கெடுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பணமாகக் கொடுத்தால் உள்ளூர்க் கடையில் வாங்குவார்கள். விற்ற கடைக்காரனே ரிப்பேரும் பார்ப்பான். எனக்கு அதில் பிடித்தது இதுதான். மகாராஷ்டிரா அரசும் பின்தங்கிய தாலுகாக்களில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் பணம் தருகிறது. ஆகவே மொகாடாவில் நீங்கள் விசாரிக்கிற பள்ளியில் ஏற்கெனவே சைக்கிள் இருக்கலாம், ஓடாமல் இருக்கலாம். தலைமை ஆசிரியரிடம் 'சைக்கிள் வேண்டுமா' என்று கேட்காதீர்கள், யார்தான் வேண்டாம் என்பார்கள். 'ஓடாமல் எத்தனை கிடக்கிறது, என்ன ரிப்பேர்' என்று கேளுங்கள். பம்பு, பஞ்சர் சொல்யூஷன், ஸ்பேனர், ஸ்போக் சாவி, நாலைந்து டயர் டியூப் கொண்ட பெட்டி ஒன்று, அந்த ஊரில் ஆர்வமுள்ள பிள்ளை யாராவது ஒருத்தி. அவளை லீவில் என் கடைக்கு ஒரு வாரம் அனுப்பினால் பஞ்சர், பிரேக், கோட்டம் மூன்றும் பழக்கி அனுப்புகிறேன். தங்க இடத்துக்கு கலைச்செல்வி அக்கா மாதிரி யாராவது வழி சொல்ல வேண்டும், என் வீட்டில் நிற்கவே இடமில்லை.

கமிட்டிக்காரர் பயம் சரியான பயம். ஒவ்வொரு சைக்கிளிலும் சீட்டு கட்டுங்கள், 15 நாளில் உரிமை கோராவிட்டால் சொசைட்டி எடுத்துக்கொள்ளும் என்று. வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அப்புறம் மீட்டிங்கில் தீர்மானம். ஃபிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும். துருவைத் தேய்த்துக் குறித்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு சொசைட்டி லெட்டர்ஹெட்டில் அந்த நம்பர் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். இட்லி அண்ணாச்சியை நாலு மணிக்கு போலீஸ் நிறுத்தி பில் எங்கே என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

வாஷி_கலைச்செல்வி

பெண் பிள்ளை வந்தால் எங்கள் வீட்டில் தங்கட்டும். கூட ஒருத்தி சேர்ந்து வந்தால் அவளுக்கும் தைரியம். ஓட்டக் கற்றுக்கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செம்பூர்_மீனா

சீட்டு இன்றைக்குக் கட்டியாயிற்று. கட்டிய ஒரு மணி நேரத்திலேயே மூன்றாம் மாடிக்காரர் இறங்கி வந்து, கறுப்பு சைக்கிளில் ஒன்று தன் அப்பாவுடையது, கொடுக்க மாட்டேன் என்று எடுத்துப் போய்விட்டார். ஆக 30. கியர் சைக்கிளில் பின் ஷாக் அப்சார்பர் வைத்தது ஆறு. சைக்கிள்காரரே, சனிக்கிழமை கடை திறந்திருக்குமா? முதலில் மீதி இரண்டு கறுப்பு சைக்கிளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

தொண்ணூறடி_சைக்கிள்காரன்

திறந்திருக்கும். பத்து மணிக்கு மேல் வாருங்கள் அக்கா, அதுவரை அண்ணாச்சிகள் கூட்டம் இருக்கும். டெம்போ 90 அடி ரோட்டிலேயே நிற்கட்டும், உள்ளே வராது. நான் பையனை அனுப்புகிறேன்.